திண்ம ஏவூர்தி உந்துபொருள் எரிதல்

திண்ம ஏவூர்தி உந்துபொருள் எரிதல் என்பது, ஏவூர்தியின் உறைக்குள் நிரப்பப்பட்டுள்ள திண்ம உந்துபொருள் தன் வெளிப்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக எரிந்து, உயர்ந்த வெப்பநிலையும் அழுத்தமும் கொண்ட வளிமங்களாக மாறும் நிகழ்வு ஆகும். இவ்வளிமங்கள் நாசில் எனப்படும் பீச்சுகுழல் வழியாக மிகுந்த விரைவுடன் வெளியேறுகின்றன. அதன் எதிர்விசையால் ஏவூர்தி முன்னோக்கி உந்தப்படுகிறது.

நீர்ம உந்துபொருளைப் பயன்படுத்தும் பொறிகளில் எரிபொருளின் வரத்தைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் வால்வுகள் உள்ளன. திண்ம உந்துபொருள் பொறியில் அத்தகைய வால்வு எதுவும் இல்லை. உந்துபொருளின் சேர்க்கை, அது வார்க்கப்பட்ட வடிவம், பீச்சுகுழலின் அளவு ஆகியவற்றை முடிவு செய்தவுடன், அது எவ்வளவு விரைவாக, எவ்வளவு நேரம் எரியும் என்பதும் முடிவாகிவிடுகிறது. தீ மூட்டிய பின் அதைத் திருத்த வழியில்லை. ஆகவே இவ்வெரிதலின் இயல்பை முன்கூட்டியே துல்லியமாக அறிந்துகொள்வது ஏவூர்தியியலின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகும்.

காற்றின்றி எரிதல்

விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்ற பொதுவான எரிபொருட்கள் காற்றிலுள்ள ஆக்சிசனைக் கொண்டே எரிகின்றன. எடுத்துக்காட்டாக, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரும்பு முதன்மையான பயிர்களுள் ஒன்று. சர்க்கரை ஆலைகளில் சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கை, கொதிகலன்களில் எரிபொருளாகப் பயன்படுகிறது. கொதிகலனுக்குள் செலுத்தப்படும் காற்றைக் குறைத்தால் தீ தணியும்; நிறுத்தினால் அணையும்.

திண்ம உந்துபொருளுக்குக் காற்று தேவையில்லை. எரிபொருளும் அதற்கு வேண்டிய ஆக்சிசனைத் தரும் ஆக்சிசனேற்றியும் அதனுள்ளேயே கலந்துள்ளன. எனவே காற்றில்லாத விண்வெளியிலும் அது எரியும். இதே காரணத்தால், மணலைக் கொட்டியோ காற்றைத் தடுத்தோ அதை அணைக்கவும் முடியாது. கொதிகலன் தீக்கும் ஏவூர்தித் தீக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

உந்துபொருள் வகைகள்

திண்ம உந்துபொருட்களை மூன்று பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

* கருமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. மிகப் பழைமையான திண்ம உந்துபொருள் இதுவே. இன்றும் வாணவேடிக்கைகளில் பயன்படுகிறது.
* ஈரடி உந்துபொருள்: நைட்ரோசெல்லுலோசு, நைட்ரோகிளிசரின் ஆகிய இரண்டையும் அடிப்படையாகக் கொண்டது. இவ்விரு சேர்மங்களின் மூலக்கூறுகளிலேயே எரிபொருளும் ஆக்சிசனும் அடங்கியுள்ளன. நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட தொழிற்சாலையின் பெயரில் இடம்பெறும் கார்டைட்டு இவ்வகையைச் சேர்ந்தது.
* கூட்டு உந்துபொருள்: ஆக்சிசனேற்றியின் நுண்படிகங்கள் இரப்பர் போன்ற ஒரு பலபடியில் பதிந்திருக்கும். இன்றைய பெரிய ஏவூர்திகளில் அமோனியம் பெர்குளோரேட்டு ஆக்சிசனேற்றியாகவும், எச்.டி.பி.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பாலிபியூட்டாடையீன் வகைப் பலபடி பிணைப்பானாகவும் எரிபொருளாகவும் பயன்படுகின்றன. எரிவெப்பத்தை உயர்த்த அலுமினியத் தூள் சேர்க்கப்படுகிறது.

எரிதல் நடைபெறும் விதம்

உந்துபொருள் முழுவதும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. தீ பற்றிய பரப்பு மட்டுமே எரிகிறது. அப்பரப்பு, தனக்குச் செங்குத்தான திசையில் உள்நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே செல்கிறது. எரியும் பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் உள்ள உந்துபொருள், தன் தொடக்க வெப்பநிலையிலேயே இருக்கும். திண்மங்கள் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதும், பரப்பு விரைவாகப் பின்வாங்குவதும் இதற்குக் காரணங்கள்.

கூட்டு உந்துபொருளில் எரிதல் பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

1. சுடரிலிருந்து திரும்பி வரும் வெப்பம் உந்துபொருளின் மேற்பரப்பைச் சூடாக்குகிறது.
2. ஏறத்தாழ 240 பாகை செல்சியசில் அமோனியம் பெர்குளோரேட்டின் படிக அமைப்பு மாறுகிறது. வெப்பநிலை மேலும் உயரும்போது அது சிதைந்து, ஆக்சிசன் மிகுந்த வளிமங்களை வெளியிடுகிறது.
3. அதே வேளையில் பலபடியும் சிதைந்து எரிபொருள் வளிமங்களைத் தருகிறது.
4. இருவகை வளிமங்களும் பரப்புக்குச் சற்று மேலே கலந்து எரிகின்றன. அலுமினியம் சேர்ந்த உந்துபொருட்களில் சுடரின் வெப்பநிலை 3000 பாகை செல்சியசு அளவை எட்டுகிறது.
5. அலுமினியத் துகள்கள் பரப்பில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு துளிகளாகின்றன. இத்துளிகள் வளிம ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு, பரப்பிலிருந்து விலகிய பின்னரே முழுமையாக எரிந்து அலுமினிய ஆக்சைடாகின்றன. ஏவுதலின்போது காணப்படும் அடர்ந்த வெண்புகைக்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆக்சிசனேற்றிப் படிகத்தின் மேலேயே தோன்றும் சுடர், படிகமும் பலபடியும் சந்திக்கும் விளிம்பில் தோன்றும் சுடர், வளிமங்கள் கலந்தபின் தோன்றும் இறுதிச் சுடர் என மூன்று சுடர்களைக் கொண்டு இந்நிகழ்வை விளக்கும் படிமத்தை பெக்சுடெட்டு, டெர், பிரைசு ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்டனர். பின்வந்த பல ஆய்வுகளுக்கு இது அடிப்படையாக அமைந்தது.

அழுத்தமும் எரிவீதமும்

எரியும் பரப்பு ஒரு விநாடியில் பின்வாங்கும் தொலைவு எரிவீதம் எனப்படும். எரிவீதத்தை மிகுதியாகப் பாதிப்பது அறையின் அழுத்தமே. அழுத்தம் உயரும்போது வளிமங்கள் நெருக்கமடைகின்றன; வினைகள் விரைவடைகின்றன; சுடர் பரப்புக்கு அருகில் நெருங்கி வருகிறது. அதனால் பரப்புக்குத் திரும்பும் வெப்பம் கூடி, எரிவீதமும் உயர்கிறது. இத்தொடர்பைப் பின்வரும் வாய்பாட்டால் குறிப்பர்.

எரிவீதம் = மாறிலி × (அழுத்தம்)^அடுக்கு

பிரான்சு நாட்டைச் சேர்ந்த பால் வியேய் என்பவரின் பெயரால் இது வியேய் விதி என அழைக்கப்படுகிறது. இது செய்முறைகளிலிருந்து பெறப்பட்ட விதி ஆகும். எல்லா அழுத்தங்களுக்கும் ஒரே துல்லியத்துடன் பொருந்தாது. கூட்டு உந்துபொருட்களின் அழுத்த அடுக்கு பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வரை இருக்கும்.

இவ்விதியின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். கள்ளக்குறிச்சிச் சமவெளியிலிருந்து கல்வராயன் மலையின் உயரமான பகுதிகளுக்கு, ஏறத்தாழ 900 மீட்டர் ஏறினால், காற்றழுத்தம் சுமார் 10 விழுக்காடு குறையும். அழுத்த அடுக்கு 0.35 கொண்ட ஓர் உந்துபொருள் திறந்த வெளியில் எரிவதாகக் கொண்டால், மலைமேல் அதன் எரிவீதம் சமவெளியில் இருப்பதைவிட 4 விழுக்காடு அளவே குறைவாக இருக்கும். ஆனால் பெரிய ஏவூர்திகளின் எரி அறையில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 50 மடங்கு அழுத்தம் நிலவுகிறது. அங்கு அதே உந்துபொருள் திறந்த வெளியைவிட ஏறக்குறைய 4 மடங்கு விரைவாக எரியும். ஒரே பொருள் திறந்த வெளியில் ஒரு விதமாகவும், மூடிய கலத்துக்குள் வேறு விதமாகவும் எரிவது இதனாலேயே.

அழுத்தச் சமநிலை

எரி அறையில் இரு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடைபெறுகின்றன. ஒருபுறம் உந்துபொருள் எரிந்து வளிமம் உருவாகிறது. மறுபுறம் பீச்சுகுழலின் குறுகிய கழுத்து வழியாக வளிமம் வெளியேறுகிறது. வெளியேறும் அளவு அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உருவாகும் அளவோ வியேய் விதிப்படி அழுத்தத்தின் அடுக்கைப் பொறுத்தது.

அடுக்கு ஒன்றைவிடக் குறைவாக இருந்தால், அழுத்தம் தற்செயலாகச் சற்று உயரும்போது, உருவாகும் வளிமத்தைவிட வெளியேறும் வளிமம் மிகுதியாகும். அழுத்தம் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். அடுக்கு ஒன்றைவிட மிகுந்தால், சிறு உயர்வும் மேலும் உயர்வையே தோற்றுவிக்கும். முடிவில் உறை வெடிக்கும். எனவே ஒன்றைவிடக் குறைந்த அடுக்கு உடைய உந்துபொருட்கள் மட்டுமே ஏவூர்திக்கு ஏற்றவை.

அடுக்கு ஒன்றைவிடக் குறைவாக இருந்தாலும் அதன் அளவு முதன்மையானது. உந்துபொருளில் ஏற்பட்ட ஒரு விரிசலால் எரியும் பரப்பு 10 விழுக்காடு கூடுவதாகக் கொள்வோம். அடுக்கு 0.35 ஆயின் அறையின் அழுத்தம் ஏறத்தாழ 16 விழுக்காடு உயரும். அடுக்கு 0.7 ஆயின் உயர்வு 37 விழுக்காடு ஆகும். விரிசல், காற்றுக்குமிழி, உறையிலிருந்து உந்துபொருள் பிரிதல் போன்ற குறைகளை ஊடுகதிர்ப் படங்கள் கொண்டும் மீயொலி கொண்டும் தேடிக் கண்டறிவதற்கு இதுவே காரணம்.

அழுத்தம் திடீரெனப் பெருமளவு சரிந்தால், சுடர் பரப்பிலிருந்து விலகி எரிதல் அணைந்துபோகவும் கூடும். சில ஏவுகணைகளில் உறையின் முன்பகுதியில் உள்ள துளைகளைத் திறந்து உந்துவிசையை முடிவுக்குக் கொண்டுவருவது இக்கொள்கையின்படியே ஆகும். ஆயினும், அவ்வாறு அணைந்த பொறியை மீண்டும் மூட்டிப் பயன்படுத்துவதில்லை.

வார்ப்பு வடிவம்

எரிவீதம் மாறாமல் இருந்தாலும், எரியும் பரப்பு கூடினால் வளிமம் மிகுதியாக உருவாகி உந்துவிசையும் கூடும். ஆகவே உந்துபொருள் வார்ப்பின் வடிவமே நேரத்துடன் உந்துவிசை எவ்வாறு மாறவேண்டும் என்பதை வரையறுக்கிறது.

* ஒரு முனையிலிருந்து மட்டும் ஊதுவத்தி போல எரியும் வார்ப்பில் பரப்பு மாறுவதில்லை. உந்துவிசை சீராக, நீண்ட நேரம் கிடைக்கும். ஆனால் அதன் அளவு குறைவு.
* நடுவில் வட்டத் துளை கொண்ட வார்ப்பு உள்ளிருந்து வெளிநோக்கி எரியும்போது துளை அகன்றுகொண்டே போகும். அதனால் பரப்பும் உந்துவிசையும் படிப்படியாகக் கூடும்.
* விண்மீன் வடிவத் துளை கொண்ட வார்ப்பில் தொடக்கத்திலேயே பரப்பு மிகுதி. முனைகள் எரிந்து மழுங்கும்போது, துளை அகல்வதால் ஏற்படும் கூடுதல் ஈடுசெய்யப்படுகிறது. இதனால் ஏறத்தாழச் சீரான, மிகுந்த உந்துவிசையைப் பெறலாம்.

எரிதலைப் பாதிக்கும் பிற காரணிகள்

* தொடக்க வெப்பநிலை: உந்துபொருள் ஏற்கெனவே சூடாக இருந்தால் விரைவாக எரியும். ஒரு பாகை செல்சியசுக்கு எரிவீதம் பொதுவாக 0.1 முதல் 0.3 விழுக்காடு வரை மாறும். குளிர்காலத்துக்கும் கோடைகாலத்துக்கும் 30 பாகை வேறுபாடு இருப்பின் எரிவீதம் 3 முதல் 9 விழுக்காடு வரை வேறுபடலாம்.
* துகள் அளவு: ஆக்சிசனேற்றிப் படிகங்கள் நுண்ணியவையாக இருந்தால் வளிமங்கள் விரைவில் கலக்கும், எரிவீதம் உயரும்.
* வினையூக்கிகள்: இரும்பு ஆக்சைடு, செப்புக் குரோமைட்டு போன்றவை சிறிதளவு இருந்தாலும் எரிவீதத்தை மாற்றுகின்றன.
* அரித்தெரிதல்: குறுகிய துளையில் வளிமம் பரப்பையொட்டி மிக விரைவாகப் பாயும்போது, பரப்புக்குச் செல்லும் வெப்பம் கூடி, அவ்விடத்தில் உந்துபொருள் கூடுதல் விரைவுடன் எரிகிறது.
* அதிர்வுறும் எரிதல்: எரி அறை ஒரு குழலிசைக் கருவியைப் போன்றது. அதனுள் தோன்றும் ஒலியலைகளும் சுடரும் ஒன்றையொன்று வலுப்படுத்தினால் அழுத்தம் அலைவுறத் தொடங்கும். அலுமினிய ஆக்சைடுத் துளிகள் இவ்வலைவுகளைத் தணிக்கின்றன. அலுமினியம் சேர்ப்பதால் கிடைக்கும் மற்றொரு பயன் இதுவாகும்.

வரலாறு

திண்ம உந்துபொருள் வரலாற்றில் தென்னிந்தியாவுக்கு ஒரு தனியிடம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட மைசூர் அரசின் படையில் கருமருந்து ஏவூர்திகள் பெருமளவில் பயன்பட்டன. கல்வராயன் மலைத்தொடருக்கு வடக்கே, அதற்கும் சவ்வாது மலைக்கும் இடையே அமைந்த செங்கம் கணவாய், மைசூரிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு வரும் படைகளின் வழியாக இருந்தது. 1780 சூலையில் ஐதர் அலியின் படை இக்கணவாய் வழியாகவே சமவெளியில் இறங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை தோற்கடிக்கப்பட்டது. மைசூர்ப் படையின் ஏவூர்திகள் தாக்கி ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தது தோல்விக்கு ஒரு காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. சீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தவுலத் மாளிகையின் சுவரோவியத்தில் இவ்வெடிப்பு தீட்டப்பட்டுள்ளது.

பிற நாடுகளில் அதுகாறும் ஏவூர்தி உறைகள் பெரும்பாலும் காகிதத்தாலோ மூங்கிலாலோ செய்யப்பட்டன. மைசூர் ஏவூர்திகளின் உறை இரும்புக் குழாயால் ஆனது. இரும்பு உறை கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியதால், உள்ளே இருந்த கருமருந்து விரைவாக எரிந்து மிகுந்த உந்துவிசையைத் தந்தது. மேலே விளக்கப்பட்ட அழுத்தத் தொடர்பு விதியாக வகுக்கப்படுவதற்கு முன்னரே, மைசூர்க் கொல்லர்கள் அதன் பயனைச் செய்முறையில் பெற்றிருந்தனர். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இவ்வேவூர்திகள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றை அடிப்படையாகக் கொண்டு வில்லியம் காங்கிரீவ் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் ஏவூர்திகளை உருவாக்கினார். 2018-இல் கருநாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பழைய கிணற்றிலிருந்து இத்தகைய ஏவூர்திகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கண்டெடுக்கப்பட்டன.

இந்திய விண்வெளித் திட்டத்தில்

கேரளத்தின் தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ஏவூர்தி ஏவப்பட்டது. அது அமெரிக்காவில் செய்யப்பட்ட நைக்கி-அப்பாச்சி என்னும் திண்ம உந்துபொருள் ஏவூர்தியாகும். இந்தியாவில் உருவாக்கப்பட்ட ரோகிணி-75 ஏவூர்தி 1967-இல் ஏவப்பட்டது. இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. செ. அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எசு.எல்.வி.-3 ஏவூர்தியின் நான்கு நிலைகளும் திண்ம உந்துபொருளால் இயங்கியவை. அது 1980 சூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது.

பி.எசு.எல்.வி. ஏவூர்தியின் முதல் நிலை 2.8 மீட்டர் விட்டம் கொண்டது. அதில் ஏறத்தாழ 138 டன் உந்துபொருள் ஐந்து துண்டுகளாக வார்த்து இணைக்கப்படுகிறது. இது இரண்டு நிமிடங்களுக்குள் எரிந்து முடிகிறது. அதாவது ஒவ்வொரு விநாடியும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட உந்துபொருள் வளிமமாகிறது. சந்திரயான்-3 விண்கலத்தை 2023 சூலை 14 அன்று கொண்டுசென்ற எல்.வி.எம்.-3 ஏவூர்தியின் இருபுறமும் பொருத்தப்பட்ட எசு-200 ஊக்கிகள் இன்னும் பெரியவை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 டன் உந்துபொருள் உள்ளது. சிறிய செயற்கைக்கோள்களுக்கான எசு.எசு.எல்.வி. ஏவூர்தியின் மூன்று முதன்மை நிலைகளும் திண்ம உந்துபொருள் நிலைகளே. இவ்வகை ஏவூர்திகளுக்காகத் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் அமையும் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் உள்ள தேசிய எரிதல் ஆய்வு மற்றும் மேம்பாட்டு மையம் எரிதல் குறித்து ஆராய்கிறது. உந்துபொருளின் சிறு கீற்றுகளைக் கண்ணாடிச் சாளரம் கொண்ட உயரழுத்தக் கலத்தில் எரித்து, எரிவீதத்தை அளப்பது இத்துறையின் வழக்கமான ஆய்வுமுறை. எனினும் பொறியின் முழு இயல்பை அறிய, அதைத் தரையில் அசையாமல் பொருத்தி எரிக்கும் நிலைச்சோதனை இன்றியமையாதது.

விபத்துகளும் தோல்விகளும்

திண்ம உந்துபொருள் எரிதல் எண்ணியபடி தொடங்காமலோ, எண்ணாதபோது தொடங்கியோ, எண்ணியபடி நடவாமலோ போன நிகழ்வுகள் பல உள்ளன.

* 1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடத்தில், திண்ம ஊக்கியின் இரு துண்டுகளுக்கு இடையே இருந்த இரப்பர் வளையம் கடுங்குளிரில் இறுகியதால் சூடான வளிமம் கசிந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். ஊக்கியை அணைக்க வழி இருக்கவில்லை.
* 1987 மார்ச் 24 அன்று இந்தியாவின் ஏ.எசு.எல்.வி. ஏவூர்தியின் முதல் ஏவுதலில், பக்க ஊக்கிகள் எரிந்தபின் முதல் நிலை தீப்பற்றவில்லை. ஏவூர்தி கடலில் வீழ்ந்தது.
* 2003 ஆகத்து 22 அன்று பிரேசிலின் அல்காந்தரா ஏவுதளத்தில், ஏவுதலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது ஒரு திண்ம ஊக்கி எதிர்பாராமல் தீப்பற்றியது. 21 பேர் உயிரிழந்தனர்.
* 2004 பிப்ரவரி 23 அன்று சிறீகரிக்கோட்டாவில் உந்துபொருள் துண்டு ஒன்று தீப்பற்றியதில் 6 பேர் உயிரிழந்தனர்.
* 2025 மே 18 அன்று ஏவப்பட்ட பி.எசு.எல்.வி.-சி61 ஏவூர்தியின் மூன்றாம் நிலை எரிந்துகொண்டிருந்தபோது அதன் அறை அழுத்தம் குறைந்தது. அதனால் புவி நோக்குச் செயற்கைக்கோள் ஒன்று சுற்றுப்பாதையை அடையவில்லை.

இவற்றுள் மூன்றும் நான்கும் ஏவுதலுக்கு முன்பே, தரையில் நிகழ்ந்தவை. ஆக்சிசனைத் தன்னுள்ளேயே கொண்ட பொருள், உரசல், நிலைமின்சாரப் பொறி, வெப்பம் ஆகியவற்றால் எந்த நேரத்திலும் தீப்பற்றக்கூடும். ஆகவே உந்துபொருள் ஆலைகளில் கலத்தல், வார்த்தல், வெட்டுதல் போன்ற பணிகள் தனித்தனிக் கட்டடங்களில் நடைபெறுகின்றன. ஆபத்தான இயந்திரங்கள் தொலைவிலிருந்து இயக்கப்படுகின்றன. ஓரிடத்தில் இருக்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் உந்துபொருளின் அளவும் வரையறுக்கப்படுகின்றன. இதே காரணத்தால், வீட்டிலோ பள்ளியிலோ இத்தகைய கலவைகளைச் செய்து பார்ப்பது உயிருக்கு ஆபத்தானது. நீரையும் அழுத்தப்பட்ட காற்றையும் கொண்டு இயங்கும் ஏவூர்தி மாதிரிகள் மூலம் மாணவர்கள் எதிர்விசைத் தத்துவத்தைக் கற்கலாம்.

சுற்றுச்சூழல் விளைவுகள்

அமோனியம் பெர்குளோரேட்டு எரியும்போது ஐதரசன் குளோரைடு வளிமம் உருவாகிறது. இது காற்றிலுள்ள ஈரத்துடன் சேர்ந்து ஐதரோகுளோரிக் அமிலமாகி, ஏவுதளத்தின் சுற்றுப்புறத்தில் படியக்கூடும். உயர் வளிமண்டலத்தில் வெளியிடப்படும் குளோரின் சேர்மங்களும் அலுமினிய ஆக்சைடுத் துகள்களும் ஓசோன் படலத்தைப் பாதிக்கக்கூடியவை. குளோரின் இல்லாத அமோனியம் டைநைட்ரமைடு போன்ற ஆக்சிசனேற்றிகள் ஆராயப்பட்டு வருகின்றன. புதிய ஆக்சிசனேற்றி எதுவாயினும், அதன் ஆற்றலுடன் அழுத்த அடுக்கும் வெப்பநிலைச் சார்பும் அளக்கப்பட்டு, அது கட்டுக்குள் எரியும் என்பது உறுதியான பின்னரே ஏவூர்தியில் இடம்பெற முடியும்.